பேண்டோட கோட்டைக் கதவை எத்தனை தடவை திறக்கிறீங்க? சின்க் நேரத்தை நாமே வச்சா சார்ஜ் எவ்வளவு மிச்சம்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை மட்டும் எடுத்திருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

செஞ்சியில இருந்து பேசறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது. உங்க மணிக்கட்டுல இருக்கற ஃபிட்னஸ் பேண்ட், போனோட எப்போ பேசணும்னு யார் முடிவு பண்றாங்க? ஆப் முடிவு பண்ணுதா, நீங்களா? அந்த முடிவை நம்ம கைக்கு எடுத்துக்கிட்டா சார்ஜ் கூடுதலா எத்தனை நாள் நிக்கும்? அதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

சார்ஜ் ரெண்டு நாள் கூட நின்னா என்ன, நிக்கலைன்னா என்னன்னு உங்களுக்குத் தோணலாம். மேஜையில சார்ஜர், பையில பவர் பேங்க்னு இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லதான். ஆனா நம்ம நேயர்கள்ல நிறைய பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு, ஊர்ல இருக்கற அம்மா அப்பாவுக்கு பேண்ட் வாங்கி அனுப்பினவங்க. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பார். நாலு வாரம் ஒழுங்கா நடப்பாங்க, அடி எண்ணிக்கையைப் பார்த்து சந்தோஷப்படுவாங்க. அப்புறம் ஒரு நாள் பேண்ட் செத்துக் கிடக்கும். சார்ஜ் போடற அந்தக் குட்டி கிளிப் எங்கேன்னு தெரியாது. பேண்ட் டிவி ஸ்டாண்ட் மேல போய் உட்காரும். பேண்டோட சேர்ந்து நடையும் உட்காரும். எங்க ஊர்ல இது பல வீட்டுல நான் பார்க்கற காட்சி. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் கேட்கற பொருளுக்கும், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கேட்கற பொருளுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் இதுதான். ஒண்ணு கையில இருக்கும், இன்னொண்ணு டிராயர்ல இருக்கும்.

சின்க்னா உள்ளே என்ன நடக்குது?

முதல்ல அடிப்படை. பேண்டுக்குள்ள ஒரு முடுக்கமானி இருக்கு. ஆக்சிலரோமீட்டர்னு சொல்லுவோமே, அது. உங்க கை அசையறதை வச்சு அடிகளை எண்ணும். பின்பக்கம் பச்சை விளக்கு எரியுதே, அது தோலுக்கு அடியில ரத்தம் ஓடறதைப் பார்த்து இதயத் துடிப்பைக் கணக்கிடும். இது ரெண்டுக்கும் போன் தேவையே இல்ல. எண்ணினதை எல்லாம் பேண்ட் தன்னோட சொந்த நினைவகத்துல எழுதி வச்சுக்கும்.

அந்தக் குறிப்பை எடுத்து போனுக்கு அனுப்பறதுதான் சின்க். இதுல ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம், பேண்ட்ல இருந்து போனுக்கு, புளூடூத் வழியா. ரெண்டாவது கட்டம், போன்ல இருந்து கம்பெனியோட சர்வருக்கு, இன்டர்நெட் வழியா. முதல் கட்டம் பேண்டோட பேட்டரியைத் தின்னும். ரெண்டாவது கட்டம் போனோட பேட்டரியைத் தின்னும். சில ஆப்புல நெட் இல்லைன்னாலும் முதல் கட்டம் நடக்கும். ஃபிட்பிட் மாதிரி சிலதுல நெட் இல்லாம சின்க்கே ஆகாது.

இதுக்கு எங்க ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். செஞ்சிக் கோட்டை தெரியும்ல? 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்னு மொத்தம் 12 கோட்டைகள். அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு, மிச்சம் ஒண்ணே ஒண்ணு எங்க ஊரு. சிவாஜி 1677-ல பிடிச்ச கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தப்போ, 1690-ல முகலாயப் படை வந்து முற்றுகை போட்டுச்சு. கோட்டை விழுந்தது 1698-ல. ஏழு வருஷத்துக்கு மேல தாங்கியிருக்கு. அதுக்குக் காரணம் பல. முகலாயத் தளபதிகளுக்குள்ள இருந்த உள்சண்டையும் ஒரு காரணம். ஆனா கோட்டைக்குள்ள வந்து பார்த்தீங்கன்னா இன்னொரு காரணம் கண்ணுக்கு முன்னாடியே நிக்கும். பெரிய பெரிய தானியக் களஞ்சியம், குளங்கள், மலை மேலேயே தண்ணி. உள்ளே சேமிப்பு இருந்தா கதவை அடிக்கடி திறக்க வேண்டியதில்ல.

பேண்டும் அதே கதைதான். நினைவகம்தான் களஞ்சியம். ரேடியோதான் கதவு. கதவைத் திறக்கணும்னா காவல் வேணும், ஆள் வேணும், செலவு. களஞ்சியத்துல இடம் இருக்கும்போது கால் மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து ஒரு பிடி நெல்லை வெளியே அனுப்பற கோட்டையை யாராவது கட்டுவாங்களா? நம்ம ஆப் பல நேரம் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு.

களஞ்சியத்துல எவ்வளவு இடம்?

இது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். ஃபிட்பிட் பேண்டுகள்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ள விவரம் 7 நாளும், தினசரி மொத்தம் 30 நாளும் பேண்டுக்குள்ளேயே இருக்கும். அப்படின்னா நீங்க ஒரு வாரம் சின்க்கே பண்ணலைன்னாலும் எந்த விவரமும் போகாது. எட்டாவது நாள்தான் பழைய நிமிஷ விவரம் அழிய ஆரம்பிக்கும். உங்க பேண்டுக்கு எத்தனை நாள்னு கையேட்டுல பாருங்க. அந்த எண்தான் நமக்கு வெளி எல்லை. தினமும் ரெண்டு மூணு தடவை சின்க் பண்றவங்க அந்த எல்லைப் பக்கமே போக மாட்டாங்க.

ரேடியோ எவ்வளவு சாப்பிடும்?

பேண்ட்ல இருக்கறது நம்ம பழைய புளூடூத் இல்ல. புளூடூத் லோ எனர்ஜின்னு ஒண்ணு. 2006-ல நோக்கியா இதை வைப்ரீன்னு ஒரு பேர்ல வெளியே கொண்டுவந்துச்சு. 2010-ல வந்த புளூடூத் 4.0-ல அது சேர்ந்துக்கிச்சு. இதோட சூத்திரம் ஒரே வரியில சொல்லணும்னா, பெரும்பாலான நேரம் தூங்கு, தேவைப்படும்போது ஒரு நொடியில சின்னப் பங்கு மட்டும் விழி. போனும் பேண்டும் பேசி வச்சுக்கிட்டு, இத்தனை மில்லி விநாடிக்கு ஒரு தடவை கண் திறந்து பார்ப்போம்னு ஒரு இடைவெளி வச்சுக்கும். விதிப்படி அந்த இடைவெளி 4 விநாடி வரைக்கும் இருக்கலாம். சும்மா இருக்கும்போது இடைவெளி நீளமா இருக்கும். சின்க் ஆரம்பிச்சதும் வேகம் வேணும், அதனால இடைவெளி சுருங்கும், ரேடியோ கிட்டத்தட்ட முழிச்சே இருக்கும்.

எண்ணாவே சொல்றேன். இந்த மாதிரி கருவிகள்ல பரவலா வர்ற ஒரு சிப், நார்டிக் கம்பெனியோட என்ஆர்எஃப்52832. இதுல ரேடியோ ஓடும்போது சுமார் 5 மில்லி ஆம்பியர் இழுக்கும். தூங்கும்போது சுமார் 2 மைக்ரோ ஆம்பியர். ரெண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம்! அதனால பேட்டரியைத் தீர்மானிக்கறது எவ்வளவு டேட்டா அனுப்பறோம்ங்கறதை விட, ரேடியோ எவ்வளவு நேரம் முழிச்சிருக்குங்கறதுதான்.

இங்கேதான் முக்கியமான பாயிண்ட் வருது. ஒரு நாள் பூரா சேர்ந்த அடிகள், துடிப்பு, தூக்கம் எல்லாம் சேர்த்தாலும் ரொம்பக் குட்டி டேட்டா. வாட்ஸப்ல வர்ற ஒரு குட் மார்னிங் படத்தை விடச் சின்னதா இருக்கும். அதை அனுப்ப அதிக நேரம் ஆகாது. நேரம் எங்கே போகுதுன்னா, ஒவ்வொரு தடவையும் பண்ற முன்னேற்பாட்டுல. இணைப்பை வேகப்படுத்தணும், நீதான் என் போனான்னு சரிபார்க்கணும், மணி சரியான்னு ஒத்துப் பார்க்கணும், செட்டிங்ஸ் மாறியிருக்கான்னு கேட்கணும், கடைசியா எது வரைக்கும் அனுப்பினோம்னு தேடணும். ஒரு பிடி நெல்லுக்கும் இந்தச் சடங்கு முழுசா நடக்கணும், ஒரு மூட்டை நெல்லுக்கும் அதே சடங்குதான். அப்போ மூட்டையா அனுப்பறதுதானே லாபம்?

பதினஞ்சு நிமிஷம்: ஒரு மாதிரிக் கணக்கு

பல ஆப்புகள் பின்னணியில கால் மணிக்கு ஒரு தடவை மாதிரி சின்க் பண்ணும். ஏன் கால் மணி? ஆண்ட்ராய்டுல ஒரு ஆப் பின்னணி வேலையை இத்தனை நேரத்துக்கு ஒரு தடவை செய்னு பதிவு பண்ணினா, அதுக்குக் குறைந்தபட்ச இடைவெளியே 15 நிமிஷம்தான். அதைவிட அடிக்கடி கேட்டாலும் சிஸ்டம் விடாது. அந்தக் குறைந்தபட்சத்தையே பலரும் வழக்கமா எடுத்துக்கறாங்க.

இப்போ கணக்கு. இது எந்தக் கம்பெனி மாடலையும் அளந்து சொன்னது இல்ல. நானா எண்களை வச்சுப் போட்ட மாதிரிக் கணக்கு. உங்க பேண்ட் எண்ணைப் போட்டு நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

பேட்டரி 125 எம்ஏஎச்னு வச்சுக்குவோம். இப்போ 10 நாள் நிக்குது. அப்படின்னா ஒரு நாள் செலவு 12.5 எம்ஏஎச். சின்க் நடக்கும்போது ரேடியோவும் சிப்பும் சேர்ந்து சராசரியா 4 மில்லி ஆம்பியர். ஒரு சின்க்குக்கு 20 விநாடி.

கால் மணிக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 96 சின்க். 96-ஐ 20-ஆல் பெருக்குங்க, 1,920 விநாடி. அதாவது 32 நிமிஷம் கதவு திறந்தே இருக்கு. செலவு 2 எம்ஏஎச்-க்குக் கொஞ்சம் மேல.

இதையே ஒரு நாளைக்கு மூணு தடவையா மாத்துவோம். மூட்டை பெருசு, அதனால ஒவ்வொண்ணுக்கும் 30 விநாடி கொடுப்போம். மொத்தம் 90 விநாடி. செலவு 0.1 எம்ஏஎச்.

மிச்சம் ஒரு நாளைக்கு 2 எம்ஏஎச். 12.5 இருந்தது 10.5 ஆகுது. 125-ஐ 10.5-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 12 நாள். பத்து நாள் பேட்டரி பன்னிரண்டு நாள் ஆச்சு. பெருசா எதையும் விட்டுக்கொடுக்காம ரெண்டு நாள் லாபம்.

இதைக் கேட்டுட்டு, சின்க்கை நிறுத்தினா பேட்டரி ரெண்டு மடங்கு ஆகும்னு யாராவது ரீல் போட்டா நம்பாதீங்க. சின்க் மட்டும் அவ்வளவு தராது. மிச்சத்தைப் பின்னாடி சொல்றேன்.

போன் பக்கமும் லாபம் உண்டு. போன் மொபைல் நெட்ல ஒரு சின்னத் துணுக்கு அனுப்பினாலும், அனுப்பி முடிச்ச பிறகு அதோட ரேடியோ உடனே தூங்கப் போகாது. வேற ஏதாவது வருமோன்னு சில விநாடி முழிச்சே காத்திருக்கும். 96 துணுக்கா அனுப்பினா 96 காத்திருப்பு. மூணு மூட்டையா அனுப்பினா மூணே மூணு. சிக்னல் வீக்கா இருக்கற இடத்துல இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஏன்னா டவர் தூரமா இருந்தா போன் சத்தமா கத்தணும்.

சரி, எப்படி வைக்கறது?

முதல் படி, ஆப்புக்குள்ள பாருங்க. பின்னணி சின்க், ஆட்டோ சின்க், ஆல்-டே சின்க்னு ஏதாவது ஒரு பேர்ல ஒரு சுவிட்ச் இருக்கலாம். இருந்தா அதை அணைச்சிடுங்க. அணைச்சாலும் ஆப்பைத் திறந்தா சின்க் ஆகும், கீழே இழுத்து விட்டாலும் ஆகும்.

ரெண்டாவது படி, நேரம் குறிங்க. நான் சொல்றது மூணு நேரம். காலையில எழுந்ததும் ஒண்ணு, ராத்திரித் தூக்கக் கணக்கு அப்போதான் முடிஞ்சிருக்கும். உடற்பயிற்சியோ நடையோ முடிஞ்சதும் ஒண்ணு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. அலாரம் எல்லாம் வைக்காதீங்க, அது ரெண்டு நாள்ல எரிச்சலாயிடும். ஏற்கெனவே பண்ற ஒரு வேலையோட கட்டிவிடுங்க. காபி டம்ளரைக் கையில எடுக்கும்போது ஒரு தடவை, அவ்வளவுதான்.

மூணாவது படி, சுவிட்ச் இல்லாத ஆப்புக்கு. ஆண்ட்ராய்டுல அந்த ஆப்போட பேட்டரி செட்டிங்குல போய் ரெஸ்ட்ரிக்டட்னு வைக்கலாம். ஐபோன்ல பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷை அந்த ஆப்புக்கு மட்டும் அணைக்கலாம். ஆனா ஒரு விலை இருக்கு. போன் அழைப்பு, மெசேஜ் வந்தா பேண்ட் அதிர்றது பல மாடல்ல அந்த ஆப் வழியாதான் வருது. ஆப்பைக் கட்டிப்போட்டா அதுவும் நின்னுடலாம். எது முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

புளூடூத்தையே அணைச்சு வச்சா என்னன்னு கேட்பீங்க. வேண்டாம்னுதான் சொல்வேன். முதல் காரணம், இப்போ இதைக் கேட்டுக்கிட்டு இருக்கற இயர்பட்ஸும் கட் ஆகும். ரெண்டாவது, போன் காணோம்னா பேண்ட் சும்மா தூங்காது. நான் இங்கே இருக்கேன், இங்கே இருக்கேன்னு கூவிக்கிட்டே இருக்கும். அந்தக் கூவலுக்கும் கொஞ்சம் சார்ஜ் போகும், ரொம்ப இல்ல. அமைதியா இணைஞ்சு இருக்கறதும் கூவறதும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான், அதனால அணைக்கறதுல பெரிய லாபம் இல்ல.

இருந்தாலும் அணைச்சுத்தான் ஆகணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். ஐபோன்ல கன்ட்ரோல் சென்டர்ல புளூடூத் பட்டனை அமுக்கினா அது முழுசா அணையாது. கருவிகளைத் துண்டிக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை 5 மணிக்குத் தானா திரும்ப இணைய ஆரம்பிக்கும். முழுசா அணைக்கணும்னா செட்டிங்ஸுக்குள்ள போகணும். ஆண்ட்ராய்டு 13-ல இருந்து சாதாரண ஆப்புகள் புளூடூத்தைத் தாங்களாவே போட்டு அணைக்கறதுக்குக் கட்டுப்பாடு வந்தாச்சு. அதனால பழைய ஆட்டோமேஷன் ஆப்பை நம்பி டைம்டேபிள் போட்டவங்களுக்கு அது வேலை செய்யாமப் போயிருக்கலாம். சாம்சங்ல போனோடயே வர்ற மோட்ஸ் அண்டு ரூட்டீன்ஸ், ஐபோன்ல ஷார்ட்கட்ஸ், இதுல நேரம் வச்சுப் பண்ணலாம்.

ராஜகிரி ஏறும்போது

செஞ்சிக்கு வர்றவங்க கேட்கற கேள்வி இது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படி ஏறும்போது பேண்டுல ஒர்க்அவுட் மோடு போடுவீங்க. அப்போ இதயத் துடிப்பு இடைவிடாம அளக்கும், ஜிபிஎஸ் இருக்கற மாடல்னா அதுவும் ஓடும். ஒரு நாளைக்கான செலவுல பெரும்பங்கு அந்த ரெண்டு மணி நேரத்துலயே போயிடும். பாறை மறைக்கற இடத்துல போன் சிக்னலும் விட்டு விட்டு வரும்.

அதனால ஏறும் முன்னாடி கீழேயே ஒரு தடவை சின்க் பண்ணுங்க. களஞ்சியம் காலி, மணியும் சரி. ஏறும்போது சின்க் வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடுல போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் பண்ணிக்கலாம். போட்டோ எடுக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல. ஆனா தனியா ஏறினா போனை அப்படிப் போடாதீங்க, அவசரத்துக்கு அழைப்பு வர்ற மாதிரி வச்சுக்கோங்க. சார்ஜை விட அது முக்கியம். இறங்கி வந்து, தண்ணி குடிச்சுட்டு, நிழல்ல உட்கார்ந்து ஒரே சின்க். முடிஞ்சது.

ஒரு சின்ன சுவாரஸ்யம். ராஜகிரி அடிவாரத்துல களஞ்சியத்துக்குப் பக்கத்துல ஒரு கட்டடம் இருக்கு, அதுக்குப் பேரே உடற்பயிற்சிக் கூடம். ஜிம்மும் சேமிப்புக் கிடங்கும் பக்கத்துல பக்கத்துல! நம்ம பேண்டோட டிசைனை அப்பவே போட்டு வச்சிருக்காங்க.

சின்க்கைத் தாண்டி: நிஜமான தீனிக்காரர்கள்

இதுக்கு ஒரு சரித்திர சாட்சி இருக்கு. 2014-ல ஷாவ்மி மி பேண்ட் வந்துச்சு. பேட்டரி வெறும் 41 எம்ஏஎச். ஆனா 30 நாள் நிக்கும்னாங்க. திரை கிடையாது, இதயத் துடிப்பு சென்சார் கிடையாது, மூணு சின்ன விளக்கு மட்டும். 2020-ல வந்த மி பேண்ட் 5-ல பேட்டரி 125 எம்ஏஎச், மூணு மடங்கு. நாள்? 14. பேட்டரி மூணு மடங்கு ஏறியும் நாள் பாதியா இறங்கிடுச்சு. நடுவுல வந்து சேர்ந்தது கலர் திரை, பச்சை விளக்கு, நோட்டிஃபிகேஷன். குற்றவாளிகள் இவங்கதான்.

இதயத் துடிப்பை எடுத்துக்கலாம். மறுபடியும் மாதிரிக் கணக்கு. அளக்கும்போது 1 மில்லி ஆம்பியர், ஒரு அளவுக்கு 15 விநாடி. நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தா நாள்ல கால்வாசி நேரம் விளக்கு எரியுது, 6 எம்ஏஎச் போகுது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினா 0.6. நம்ம 12.5-ல சின்க்குல 2 மிச்சம், இதுல 5.4 மிச்சம். ரெண்டையும் சேர்த்தா நாள் செலவு சுமார் 5 எம்ஏஎச்-ல வந்து நிக்கும். பத்து நாள் பேட்டரி காகிதத்துல 24 நாள். நிஜத்துல அவ்வளவு வராது, பேட்டரி பழசானா இன்னும் குறையும். ஆனா திசை சரி.

திரைக்கு, கையைத் தூக்கினாலே எரியற வசதியை ராத்திரி நேரத்துக்கு மட்டுமாவது அணைங்க. தூக்கத்துல புரண்டா திரை எரியறது யாருக்கு உபயோகம்? நோட்டிஃபிகேஷனை அழைப்புக்கும் ஓடிபிக்கும் மட்டும் விடுங்க. ஒவ்வொரு குரூப் மெசேஜுக்கும் ரேடியோ, மோட்டார், திரை மூணும் எழுந்து நிக்குது. இருபது பேர் இருக்கற ஃபேமிலி குரூப்பே போதும் பேண்டைச் சாகடிக்க.

யார் இதைப் பண்ணக் கூடாது?

இதைக் கவனமா கேளுங்க. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம இருக்குன்னு சொல்லி டாக்டர் கண்காணிக்கச் சொன்னவங்க, அளக்கற இடைவெளியை டாக்டர்கிட்ட கேட்காம மாத்தாதீங்க. விழுந்தா வீட்டாருக்குத் தகவல் போற வசதியை நம்பி இருக்கறவங்க, போன் தொடர்பை வெட்டாதீங்க. அந்தச் செய்தி பல மாடல்ல போன் வழியாதான் வெளியே போகும். அம்மாவோட கணக்கை நீங்க சென்னையில இருந்து பார்க்கறீங்கன்னா, மதியம் நாலு மணிக்கு எண் பூஜ்யமா இருக்கேன்னு பதறாதீங்க. சின்க் நேரத்தை ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்க. ராத்திரி எட்டு மணிக்கு அம்மா ஆப்பைத் திறப்பாங்க, நீங்க எட்டரைக்குப் பார்ப்பீங்க. அதையே சாக்கா வச்சு ஒரு போனும் போட்டுடலாம்.

அலாரம், அடி எண்ணுறது, துடிப்பு ரொம்ப ஏறினா அதிர்றது இதெல்லாம் பெரும்பாலும் பேண்டே பண்ற வேலை. சின்க் குறைஞ்சதால இதெல்லாம் நிக்காது.

பேட்டரி ஆயுசும் குப்பையும்

ஒரு லித்தியம் பேட்டரி பொதுவா சில நூறு முழு சார்ஜ் சுற்றுக்கு நல்லா இருக்கும், அப்புறம் கொள்ளளவு இறங்கும். அஞ்சு நாளைக்கு ஒரு தடவை முழுசா சார்ஜ் போட்டா வருஷத்துக்கு 73 சுற்று. பன்னிரண்டு நாளைக்கு ஒண்ணுன்னா 30. போன்ல பேட்டரி மாத்தலாம். பேண்டுல பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருக்கும், பிரிச்சா தண்ணி புகாத தன்மை போயிடும். அதனால பேட்டரி செத்தா பேண்டே செத்த மாதிரி. செத்ததைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. 2023 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள்படி, தயாரிச்சு விற்கறவங்களுக்கு அதை மறுசுழற்சிக்குக் கொண்டுபோற பொறுப்பு இருக்கு. சேகரிப்பு மையம் எங்கேன்னு கம்பெனி தளத்துல பாருங்க.

நேயர் கேள்விகள்

சின்க் பண்ணாம சார்ஜ் பூஜ்யத்துக்குப் போயிட்டா டேட்டா போயிடுமா? மாடலைப் பொறுத்தது. சிலதுல தங்கும், சிலதுல மணியும் அன்னைக்குள்ள கணக்கும் குழம்பும். அதனால 20 சதவீதம் வந்ததும் முதல்ல சின்க், அப்புறம் சார்ஜ்.

மென்பொருள் அப்டேட்டும் இந்த மூணு நேரத்துல வந்துடுமா? அதைத் தனியா வச்சுக்கோங்க. அப்டேட் ரொம்ப நேரம் ரேடியோவை ஓட்டும். சார்ஜ் பாதிக்கு மேல இருக்கும்போது, வைஃபை பக்கத்துல உட்கார்ந்து பண்ணுங்க.

நான் பண்ற மாற்றம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். முதல் தடவை எதையும் மாத்தாம 100-ல இருந்து 40-க்கு வர எத்தனை நாள்னு குறிச்சு வைங்க. அடுத்த தடவை சின்க்கை மட்டும் மாத்தி, அதே 100-ல இருந்து 40. அதுக்கு அடுத்த தடவை துடிப்பு இடைவெளி. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது உதவுச்சுன்னு தெரியவே தெரியாது. 40-க்குக் கீழே விட்டு ஒப்பிடாதீங்க, சதவீதம் காட்டறது எல்லா இடத்துலயும் ஒரே சீரா இறங்காது.

அவ்வளவுதான் மக்களே. ஊர்ல இருக்கற உங்க வீட்டு பேண்ட் எங்கே கிடக்குன்னு இன்னைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க. டிவி ஸ்டாண்ட் மேல இருந்தா, சார்ஜ் போட்டு, இந்த மூணு நேரத்தையும் சொல்லிக் கொடுங்க. உங்க 100-ல இருந்து 40 கணக்கை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, மாடல் பேரோட. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.